போனில் படித்த அரபு

கெம்பஸில் இரண்டாம் வருடம் தொடங்கியபோது, எல்லோரும் ஒரு பிறமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். அரபு, கொரியன், ஜப்பானீஸ், பிரெஞ்சு, எது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக விரிவுரையாளர் வைக்க வசதியில்லை. அதனால் போனில் ஓர் ஆப்பை இறக்கி அதிலேயே படிக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் வகுப்புக்கு வந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். அதற்கும் புள்ளி உண்டு. அந்த வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த சேர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அரபு நன்றாகத் தெரிந்தவர். நாங்கள் போனும் கையுமாக இருப்பதில் ஒரு பிரயோசனமாவது வரட்டுமே என்றார்.

என் கூட்டாளி கொரியன் எடுத்தாள். அவள் பார்க்கிற நாடகங்களில் வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கீழே எழுத்துப் பார்க்காமல் விளங்க வேண்டுமாம். நான் அரபு எடுத்தேன். காரணம் சோம்பல்தான். சின்ன வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் ஓதி முடித்தவள் நான். எழுத்துத் தெரியும், உச்சரிப்புத் தெரியும், அர்த்தம் மட்டும் தெரியாது. எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களின் அரபு அவ்வளவுதான். ஆப்பில் எழுத்துப் படிப்பிக்கிற பாடங்களை எல்லாம் ஒரே நாளில் தாண்டிப் போனேன்.

நாங்கள் இருவரும் நற்பிட்டிமுனை. காலையில் கல்முனைக்கு வந்து கெம்பஸ் பஸ்ஸில் ஏறுவோம். காரைதீவு தாண்டி நிந்தவூர் வயல்வெளி வரும்போது பஸ்ஸில் கொஞ்சம் காற்று வரும். அப்போதுதான் இருவரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பாடத்தைத் திறப்போம். அவள் ஒரு பக்கம் கொரியனில் முணுமுணுப்பாள், நான் ஒரு பக்கம் அரபில். ஒருநாள் முன் சீற்றில் இருந்த ஒரு மூத்தவர் திரும்பிப் பார்த்து, "ஓதிக்கிட்டா போறா மகள்? நல்லம், நல்லம்" என்றார். நான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது, பூனை மேசைக்குக் கீழே இருக்கிறது என்பதை. அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கெம்பஸ் போய்ச் சேரும்வரை வாய்க்குள்ளேயே படித்தேன்.

என் உம்மா அப்போது சவூதியில் இருந்தார். ஒரு வீட்டில் வேலை. நான் ஏ.எல். பரீட்சை எழுதிய வருடம் போனவர். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. வாப்பா கல்முனைச் சந்தையடியில் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த உழைப்பில் சாப்பாடு நடக்கும், என் படிப்பும் ஏதோ நடக்கும், வீடு நடக்காது. ஆகவே உம்மா போனார். நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால், அதே வளவுக்குள், எனக்கென்று ஒரு வீடு எழும்பத் தொடங்கியது. உம்மா காசு அனுப்ப அனுப்ப அது வளரும். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். யன்னலுக்கு விட்ட ஓட்டைகளில் தென்னை மட்டைகளைச் சாத்தி வைத்திருந்தோம். அந்த வீட்டில் யாரோ ஒருவனோடு நான் குடியிருக்க வேண்டும் என்றுதான் அங்கே உம்மா யாருடைய வீட்டுத் தரையையோ துடைக்கிறார் என்ற நினைப்பு வரும். வந்தால் குளித்து முடிகிறவரை போகாது.

பின்னேரம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் வீடியோ கோல் வரும். அந்த நேரத்தில் அங்கே பகல் சாப்பாடு முடிந்திருக்கும். உம்மா குசினி மேசையில் ஏதோ ஒரு போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டே கதைப்பார். திரையில் பாதி நேரம் அவருடைய தோள்தான் தெரியும். பின்னால் ஒரு பெண்ணின் குரல் வரும், போகும். அது மேடம் என்று தெரியும். குரல் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அரபு நாட்டார் கதைப்பதே அப்படித்தான் என்று உம்மா முதலிலேயே சொல்லிவைத்திருந்தார்.

"நல்ல மனிசி மகள். எண்ட கையால சமைச்சாத்தான் அவக்குச் சாப்பாடு இறங்கும்."

நான் அரபு எடுத்த செய்தியைச் சொன்னதும் உம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தார்.

"எங்க, ஒண்டு கதைங்க பாப்பம்."

நான் ஆப்பில் படித்த மாதிரியே, ஒவ்வொரு சொல்லிலும் இறுதி எழுத்தின் ஒலியெல்லாம் விடாமல், பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். உம்மா சிரித்த சிரிப்பில் போன் சரிந்து விழுந்தது.

"இஞ்ச ஆரும் அப்பிடிக் கதைக்கிறல்ல. ஜும்ஆவுல குத்பா ஓதுற மாதிரி இரிக்கி."

என் பேச்சு பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி இருந்ததாம்; அந்தக் கோல் முழுக்கச் சிரித்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு வசனம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று உம்மா கேட்டுக்கொண்டார். இரண்டு கிழமை அப்படி நடந்தது. என் யானை தண்ணீர் குடித்தது, என் மாமா வைத்தியராக இருந்தார், என் வீடு அழகாகவும் பெரிதாகவும் இருந்தது. குடும்பத்தைப் பற்றிய பாடம் வந்த அன்று 'ஹாதிஹி உம்மீ' என்று சொல்லிக் காட்டினேன். இது என் உம்மா என்று அர்த்தம். உம்மா கையிலிருந்த கோப்பையைக் கழுவி வைத்தார். பிறகு, "அந்தப் பாடத்த நல்லாப் படிங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் உம்மா கதைத்துக்கொண்டிருக்கும்போது மேடம் குசினிக்குள் வந்தார். அவரோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தார் போல, விருந்தாளியாக இருக்கலாம். எதையோ தேடினார்கள். மேடம் அந்தப் பெண்ணிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஹாதி மா திஃப்ஹம் ஷய்."

விளங்கவில்லை என்று சொல்வதற்கு ஆப் முதல் வாரத்திலேயே பழக்கிவிடும். அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறேன். அதனால் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இதுக்கு ஒன்றும் விளங்காது. அவ்வளவுதான் மேடம் சொன்னது. மற்றப் பெண் சிரித்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு சொல் எனக்குத் தெரியாது. உம்மா "ஹாளிர், ஹாளிர்" என்றார். அப்படியே செய்கிறேன் என்பதற்கு அங்கே சொல்கிற சொல். உம்மாவின் குரல் அதைச் சொல்லும்போது மெலிந்து போய்ச் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அந்தக் குரலை நான் எத்தனையோ மாதம் கோல்களுக்கு இடையில் கேட்டிருக்கிறேன். அன்றுதான் காதில் விழுந்தது.

"என்ன உம்மா சென்னாங்க?"

"நேத்து ஆக்கின சோறு நல்லமாம். அவவுட சிநேகிதிட்ட செல்றா."

நான் "ஓ" என்றேன். கோலை வைத்த பிறகு, தெரியாத அந்தச் சொல்லை ஆப்பில் தேடினேன். அதில் இல்லை. அந்த ஆப்பில் ஏச்சு ஒன்றும் கிடையாது; எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வேறு இடங்களில் தேடி, ஒரு வீடியோவில் பிடித்தேன். மந்தமான மாட்டைச் சொல்கிற சொல்.

இதற்குப் பிறகு நான் செய்ததை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியாது. சவூதியில் வீடுகளுக்குள் கதைக்கிற அரபைப் படிப்பிக்கிற இன்னோர் ஆப்பை இறக்கினேன். பஸ்ஸில் மட்டுமில்லை, லெக்சர் இடைவேளையில், கன்ரீனில், வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து, எந்த நேரமும் அதுதான். கூட்டாளி, "என்னகா, சவூதிக்குப் போகப் போறியா?" என்று பகிடி பண்ணினாள். உம்மா வேலை முடித்து எடுக்கும்வரை காத்திருக்காமல், வேலை நடக்கிற நேரம் பார்த்து நானாகக் கோல் எடுக்கத் தொடங்கினேன். சும்மாதான் எடுத்தேன் என்பேன். உம்மா சந்தோசப்படுவார். "எண்ட மகளுக்கு எண்ட நெனவுதான்" என்பார். நான் அவரோடு கதைத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உம்மா சொல்வது பாதி எனக்கு ஏறாது. ஒருநாள் அவர் தன் காலில் வீக்கம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் கேட்டபோது எனக்கு அது நினைவிலேயே இல்லை. மேடம் சொன்ன வசனங்கள் மட்டும் அப்படியே நினைவில் இருந்தன.

அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒன்றும் அங்கே நடக்கவில்லை. சம்பளமும் நேரத்துக்கு வந்தது. ஏச்சுத்தான். சோம்பேறி, பொய்க்காரி, மூளையில்லாதது, நேற்றும் சொன்னேன் இன்றும் சொல்ல வேண்டுமா என்று, ஒரு நாளைக்கு எத்தனையோ தரம். உம்மா அவை எல்லாவற்றையும் எனக்கு நல்லதாக மொழிபெயர்த்துச் சொல்வார். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறேனாம். பெருநாளைக்கு உடுப்பு எடுத்துத் தரப் போறாவாம். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

கடைசியில் வாப்பாவிடம் சொன்னேன். ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வாளியில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடி வாப்பா?"

"அவ ஆரம்பத்துலயே சென்னவ. உங்களிட்டச் செல்லப்படாது எண்டு போன்லயே சத்தியம் வாங்கினவ. கூரையப் போட்டுட்டு வாறன் எண்டிரிக்கா." பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார், "நீங்க படிப்பப் பாருங்க மகள். இதுக்குத்தானே அவ அங்க கெடக்கிறா."

வாப்பா என்னை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. பின்வளவைத் தாண்டிக் குளிக்கப் போகாமல் அன்று வீட்டுக்குள்ளேயே முகம் கழுவினேன்.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உம்மா கோப்பை கழுவிக்கொண்டு என்னுடைய பரீட்சையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பை ஒன்று கைநழுவி உடைந்தது. மேடம் வந்தார். வழக்கமான ஏச்சுத்தான், கொஞ்சம் நீளம் கூட. மாட்டுச் சொல் வந்தது. இதற்கு ஒன்றும் விளங்காது என்பதும் வந்தது. உம்மா குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு "ஹாளிர், ஹாளிர்" என்றார். திரையில் அவருடைய தலைத்துணியின் மேல்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். கோபத்தில் வீட்டு அரபு ஒன்றும் வரவில்லை. ஆப் படிப்பித்த அரபுதான் வந்தது, இறுதி எழுத்தின் ஒலியெல்லாம் விடாமல்.

"லவ் ஸமஹ்தி. ஹாதிஹி உம்மீ."

தயவுசெய்து. இது என் உம்மா.

குசினியில் ஏச்சு நின்றது. பிறகு போன் தூக்கப்பட்டது. முதல்தடவையாக மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்திருந்த முகம் வேறு. என்னைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். தலைமுடியைக் கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அரபு பேசுவாயா என்று கேட்டார். ஆம், பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்றேன். மெச்சுகிறவர் மாதிரி "மாஷா அல்லாஹ்" என்றார். கோல் நின்றது.

அன்றும் அடுத்த நாளும் உம்மாவின் போன் வேலை செய்யவில்லை. அந்தக் கிழமை முழுக்க அப்படியே போனது. வாப்பா டவுனில் உள்ள ஏஜென்சிக்குப் போய்க் கேட்டார். போனை வாங்கி வைத்திருப்பார்கள், கோபம் தணிந்தால் கொடுப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். வாப்பா வந்து அதை என்னிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அதே கிழமையில்தான் வாய்மொழிப் பரீட்சை. சேர் அரபில் கேட்டார், குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. வாப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்றேன். உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார், அந்த வீட்டுக்காரர் இளம் வயதுப் பெண், நேற்றும் உம்மாவோடு கதைக்கக் கிடைக்கவில்லை என்றேன். சேர் பேனையை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"உங்கட பேச்சில அந்த நாட்டு வாடை அப்படியே இருக்கு. ஆரிட்டப் படிச்சீங்க?"

"ஆப்பில சேர்."

"மற்ற ஆக்களும் ஆப்பிலதான் படிக்கிறாங்க. இவ்வளவு கேட்கிற பழக்கம் அவங்களுக்கு வரல்லையே."

வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பற்றிச் சொன்னார். கூட்டாளி கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்க் கழுவுமிடத்தில் நின்றுவிட்டு, பஸ் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தேன். அவள் ஏன் என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவின் கோல் வந்தது. வீடியோ இல்லை, வெறும் குரல். இனி வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் தருவார்களாம். நான் அழத் தொடங்கினேன். உம்மா நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"எப்ப தொட்டு உனக்கு வெளங்குது?"

என்னை எப்போதும் 'நீங்க' என்று கூப்பிடுகிறவர் 'உனக்கு' என்றது எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னேன், நோன்புக்கு முந்தி என்று.

"அப்ப அவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டா இரிந்த?"

"ஓம் உம்மா."

"நான் சோறு நல்லமாம் எண்டு சென்னதெல்லாம்?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மகள், எனக்கு அந்த ஏச்சு ஒண்டுமில்ல. காதால வாங்கிக் காதால விடுவன். மறுகா உங்களோட கதைக்கிற நேரம் நான் எண்ட ஊட்டுல இரிக்கிற மாதிரி இரிப்பன். என்ன ஏசினாலும் அது உங்கட காதுல ஏறாது எண்டு நெனச்சித்தான் தைரியமா போனத் தொறந்து வச்சிரிந்தன். இப்ப என்ன எண்டா, எண்ட புள்ளைக்கு முன்னால வச்சி ஏசின மாதிரி ஆகிட்டு. அதுவும் எத்தன மாசம்."

"மன்னிச்சிக்கங்க உம்மா."

"நீங்க கதைச்சது பிழையில்ல. எனக்காகத்தானே கதைச்சீங்க. அத வுடுங்க."

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் உம்மா முன்பைப் போல எதையும் நல்லதாக மாற்றிச் சொல்லவில்லை. கெட்டதையும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா, வாப்பா எப்படி, மழை பெய்ததா. கோல் சீக்கிரம் முடிந்துவிடும். மேடத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை. என் வாய்ச்சொல் அவருக்கு அங்கே மிச்சமிருந்த ஒரே சுகத்தைக் கெடுத்துவிட்டது என்று தோன்றும். பேசாமல் இருந்திருந்தாலும் இதே குற்ற உணர்ச்சி வேறு பக்கத்தால் வந்திருக்கும் என்றும் தோன்றும். எப்படிப் பார்த்தாலும் அது என்னை விடவில்லை.

ஒப்பந்தம் முடிந்து உம்மா வந்தபோது கூரை போட்டாகியிருந்தது. சுவர் பூசவில்லை, கதவு போடவில்லை. உம்மா கறுத்து மெலிந்திருந்தார். பெட்டியைத் திறந்து எனக்கு அபாயா, வாப்பாவுக்கு உடுப்பு என்று எடுத்துக் கொடுத்தார். தன் போனில் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் படங்களைக் காட்டினார். மேடத்தின் மகள். உம்மா அங்கே போய்ச் சேர்ந்த வருடம் பிறந்தவளாம். உம்மாவின் மடியில்தான் வளர்ந்தாளாம். அவளைப் பற்றி உம்மா எங்களிடம் அவ்வளவாகச் சொன்னதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "உங்களுக்குக் கவலையா இரிக்கும் எண்டு செல்லல்ல" என்றார்.

வந்து இரண்டு மாதம் இருக்கும். உம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. சவூதி இலக்கம். உம்மா கையைக் கழுவாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க எடுங்க மகள்."

"உங்களுக்குத்தானே உம்மா கதைக்கத் தெரியும்."

"எனக்கு அவவோட 'லா' எண்டு செல்லி வராது. கூப்பிட்டா நான் 'ஹாளிர்' எண்டுதான் செல்லுவன். நீங்க செல்லுங்க, உம்மா இனி வரமாட்டா எண்டு."

எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். மேடத்தின் குரல் வேறாக இருந்தது, தணிந்து, மரியாதையாக. உன் உம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். புதிதாக வந்தவள் சரியில்லையாம். சம்பளம் கூட்டித் தருவாராம். திரும்பி வருவாரா என்று கேட்டார்.

"லா", முடியாது என்றேன். உம்மா வர மாட்டார், இனி எப்போதும் வர மாட்டார். இந்த வசனத்துக்காகவே அவ்வளவு காலமும் படித்தது போலச் சொன்னேன். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. மேடம் ஏதோ சொல்ல வந்தார். நான் ஸலாம் சொல்லிக் கோலை வெட்டிவிட்டேன்.

உம்மா மீனைத் திருப்பிப் போட்டுச் செதிலைச் சுரண்டினார்.

"சரியாச் சென்னனா உம்மா?"

"சரியாத்தான் சென்னீங்க." சுரண்டிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் மெதுவாச் செல்லியிரிக்கலாம். அந்தப் புள்ள பக்கத்துல நிண்டிரிக்கும். எண்ட குரல அதுக்குக் கேக்க வைக்கத்தான் மேடம் கோல் எடுத்திரிப்பா."

கோலின் பின்னால் ஏதாவது சத்தம் கேட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. திரும்ப எடுக்கவா என்று கேட்டேன். உம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.